விருப்ப ராஜினாமா, எண் 1147

கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பு மேனேஜர் சிரித்தார். அப்போதே நம்பரக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்த மனிதர் லேசில் சிரிக்கமாட்டார். சம்பள உயர்வு அறிவித்தபோது சிரிக்கவில்லை. அவருக்கே பேரன் பிறந்தபோதும் சிரிக்கவில்லை. ஆளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் வெளியே வரும். மனிதவள மேலாளர் என்று கதவில் பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். தொழிலாளிகள் வைத்த பெயர்தான் நிலைத்தது.

"உக்காருங்கம்மா. போனை இந்த ட்ரேல வச்சிடுங்க."

"எதுக்கு சார்?"

"சும்மா. மனசு விட்டுப் பேசலாமே."

வைத்தாள். அவர் ஒரு காகிதத்தை மேசையில் சறுக்கிவிட்டார். அது நேராக வந்து அவள் வளையலில் முட்டி நின்றது. 'எனது குடும்பச் சூழ்நிலை காரணமாகவும், என் கணவரின் வற்புறுத்தலாலும், எவருடைய தூண்டுதலுமின்றி முழுச் சம்மதத்துடன் பணியிலிருந்து விலகுகிறேன்.' கீழே அவள் பெயர், அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மட்டும் காலி.

அது அலுமினிய ஏணி செய்யும் கம்பெனி. அங்கே ஒன்பது வருஷமாக ஒரு படிகூட ஏறாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நம்பரக்கா. வேலை, காகிதங்களுக்கு எண் கொடுப்பது. எப்போதோ ஒரு பெரிய ஆர்டர், 'உங்கள் கடிதம் எங்களுக்கு வரவே இல்லை' என்ற ஒரே வரியில் கைநழுவிப் போயிற்று. அன்றிலிருந்து முதலாளிக்குக் காகிதப் பித்து. வரவேற்பறையில் தன் படத்துக்குக் கீழே பலகை மாட்டினார்: 'எண் இல்லாத காகிதம் குப்பை.' கழிவறைக் குழாய் ஒழுகினாலும் மனு, மனுவுக்கு எண். பிளம்பர் வந்து போனதற்குக் குறிப்பு, குறிப்புக்கும் எண். முதலாளியின் மனைவிக்குப் போகும் மணநாள் வாழ்த்து அட்டைகூட எண்ணோடுதான் போகும். எல்லா எண்ணும் நம்பரக்காவின் தடித்த பச்சை அட்டைப் பதிவேட்டில் ஏறும். தேதி, பிரிவு, பொருள், எத்தனை பக்கம், எல்லாம் நீல மையில்.

இந்த வில்லங்கம் தொடங்கியது திங்கட்கிழமை. செய்து முடித்த ஏணியின் உச்சிப்படியில் ஏறிக் குதித்துப் பார்க்கும் வேலைக்காரர் ஒருவர் இருந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ளப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும் என்று எழுதிக் கேட்டார். கேட்ட நாளிலிருந்து அவருக்கே 'பெல்ட்' என்று பெயராகிவிட்டது. பெயர் கிடைத்ததே தவிர பெல்ட் கிடைக்கவில்லை. எழுதிக் கேட்கும் ஆள் ஆபத்தான ஆள் என்று மேலே முடிவாயிற்று. துரத்த வேண்டுமென்றால் மூன்று எச்சரிக்கை மெமோ கொடுத்திருக்க வேண்டும். ஒன்றுகூடக் கொடுத்திருக்கவில்லை.

சிரிப்பு மேனேஜர் நம்பரக்காவின் மேசைக்கே வந்தார். "போன ரெண்டு மாசத் தேதியில மூணு நம்பர் வேணும்மா."

"போன மாச நம்பரெல்லாம் போன மாசமே போயிடுச்சு சார்."

"நடுவுல எங்கயாவது நுழைச்சுக் குடுங்க. 809-ஏ, 809-பி…"

"809-க்கும் 810-க்கும் நடுவுல எறும்புகூட நுழைய முடியாது சார். இன்னிக்குத் தேதியில கேளுங்க, முப்பது தரேன்."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். வியாழக்கிழமை இந்த அறை.

பதினொரு மணிக்கு உள்ளே போனவள். ஒரு மணி ஆயிற்று, சாப்பிட விடவில்லை. இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டாள். "கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியாக் குடிங்களேன்" என்றார். மூன்றரைக்கு, கூச்சத்தை விட்டுப் பாத்ரூம் போகவேண்டும் என்றாள்.

"தாராளமாப் போங்க. ஒரு கையெழுத்து, நேராப் போயிடலாம். இல்லேன்னா வேற லெட்டர் இருக்கு. ஆபீஸ் ரகசியத்தை வெளிய சொன்னதா டிஸ்மிஸ். அப்புறம் எந்தக் கம்பெனி வாசப்படியும் மிதிக்க முடியாது. நல்லவரா வெளிய போறீங்களா, கெட்டவரா வெளிய போறீங்களா? உங்க இஷ்டம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல."

மூன்று நாற்பதுக்குக் கோட்டின் மேல் கையெழுத்து ஏறியது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே தொங்கியது.

எழுந்தவள், ஒன்பது வருஷப் பழக்கத்தில் தன்னையறியாமல் கேட்டாள். "காப்பி ஒண்ணு குடுத்துடுங்க சார்."

அவரும் பழக்கத்தில் கொடுத்துவிட்டார். எண்ணிட்ட காகிதத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்குத் தருவது விதி. விதியை மீறாத மனிதர் அவர்.

*

"குடும்பச் சூழ்நிலையா? கணவரின் வற்புறுத்தலா?" வீட்டு முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கணவர் எகிறிக் குதித்ததில், கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப் பறந்து போய் விழுந்தது. "நான் எப்பம்மா வற்புறுத்தினேன்? குழம்புல உப்பு கம்மின்னு சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்ல!"

"எங்கிட்ட ஏங்க கத்துறீங்க? எழுதினது நானா?"

"கையெழுத்துப் போட்டது நீதானே?"

அவள் அழ ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. வயது நாற்பத்து நான்கு. காகிதத்துக்கு எண் போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஊரில் வேறெந்தக் கம்பெனிக்கும் இந்தப் பைத்தியம் பிடிக்கவில்லை.

கணவர் பயந்துபோய்த் தன் அக்காவுக்குப் போன் போட்டார். இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார் பத்து நிமிஷத்தில் வந்து நின்றாள். இருபது வருஷமாக ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். 'நான் அடிச்ச மனுவெல்லாம் ஜெயிச்சிருக்கு, அவரு வாயத் தொறந்து பேசினதுதான் தோத்திருக்கு' என்பது அவளுடைய வாழ்நாள் பெருமை.

"அழுகைய அப்புறம் வச்சுக்கோ. காகிதத்தக் குடு." மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இது என்ன லட்சணத்துல அடிச்சிருக்கான்? 'எவருடைய தூண்டுதலுமின்றி'ன்னு ஒரு வரி. அதுக்கு முன் வரியிலயே கணவரின் வற்புறுத்தல். ஏன்டா தம்பி, நீ எவனும் இல்லையாடா?"

"அக்கா!"

"சும்மா இரு. இந்தா பாரும்மா, மிரட்டி வாங்கினது ராஜினாமாவே இல்ல. ஆனா நீ வாயை மூடிட்டு நாலு நாள் வீட்ல உக்காந்தா அது நெஜ ராஜினாமா ஆயிடும். இன்னிக்கே மறுத்து எழுதணும். எத்தனை மணிக்கு உள்ள போன, எப்பத் தண்ணி கேட்ட, என்ன பதில் வந்துச்சு, ஒண்ணு விடாம எழுதணும். பதிவுத் தபால்ல போகணும். மணி என்ன?"

"அஞ்சே கால்."

"ஆறுக்குத் தபாலாபீஸ் மூடிடுவான். எடு பேனாவ." மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். "தேதி இன்னிக்கு, வியாழன். எண் 1147…"

"அண்ணி, எவ்வளவு சொன்னீங்க?"

"1147. இந்தா, மேல ஓரத்துல இருக்கே."

நம்பரக்காவின் அழுகை பட்டென்று நின்றது. மூலையைப் பார்க்காமல் ஒரு காகிதத்தையும் கையில் வாங்கியதில்லை அவள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இன்றைக்குத்தான் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"இன்னிக்குக் காலைல தண்ணித் தொட்டி கழுவுறதுக்குக் குடுத்த நம்பர் 1162. இது எப்படி 1147 ஆகும்?" விரலை மடக்கி எண்ணினாள். கண் விரிந்தது. "செவ்வாக்கெழமை! இன்டர்காம்ல கூப்பிட்டுக் கேட்டாரு. 'விருப்ப ராஜினாமாக் கடிதம், ஒரு பக்கம், ஒரு நம்பர் குடுங்க'ன்னாரு. யாரோடது சார்னேன். ரகசியம்னாரு. நானே எழுதினேன் அண்ணி! எந்த அப்பாவியோ, பாவம்னு மனசுக்குள்ள உச்சு கொட்டிக்கிட்டே எழுதினேன்."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். "வியாழக்கிழமை உனக்கே வரப்போற விருப்பம், செவ்வாய்க்கிழமையே அவனுக்கு வந்துடுச்சா?"

ஐந்து ஐம்பத்தாறுக்குத் தபாலாபீஸ் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தையற்காரர் ஸ்கூட்டரைப் போட்டபடி போட்டுவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தார். "டைம் முடிஞ்சிருச்சு" என்றார் கவுண்டர்காரர். "இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருக்கு. உங்க தலைக்கு மேலயே கடிகாரம் தொங்குது" என்றாள் நாத்தனார். ரசீதில் முத்திரை விழுந்த சத்தம் நம்பரக்காவுக்கு நெஞ்சுக்குள் கேட்டது.

*

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் பதிவாயிற்று. மூன்று வாரம் கழித்து விசாரணை. கம்பெனி தன் எண் பதிவேட்டைக் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸ் போனது. இனிக் கவலையில்லை என்று நம்பரக்கா நினைத்திருந்தாள், விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு பெல்ட் வாசலில் வந்து நிற்கும் வரை. அவரை இன்னும் துரத்தியிருக்கவில்லை. பழைய தேதியில் எண் கிடைக்காமல் மெமோக்கள் மேசையிலேயே கிடந்தன.

"அக்கா, விஷயம் கெட்டுப்போச்சு. மீட்டிங் ரூமைப் பூட்டிக்கிட்டு கார்பன் நாலு நாளா உள்ள உக்காந்து எழுதுறான். டீ மட்டும் உள்ள போகுது. வெளியிலேர்ந்து ஒரு புதுப் பச்சை அட்டை புக்கு வந்திருக்கு."

கார்பன் என்பது சிரிப்பு மேனேஜரின் உதவியாளர். மேலே அழுத்தினால் கீழே அப்படியே பதியும் என்பதால் அந்தப் பெயர். மேனேஜர் இருமினால் இவரும் இருமுவார். நம்பரக்கா போனபிறகு எண் போடுவதும் இவர்தான். ஆறு வருஷம் நம்பரக்காவுக்கு எதிர்மேசை. ஒரு நாளும் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

"முழுப் புக்கையுமா எழுதுறாரு?"

"ஒண்ணாம் நம்பர்லேர்ந்து. 1147-க்குத் தேதி மாத்தணுமாம். பழசுல டீ கொட்டிடுச்சாம்."

"கொட்டிடுச்சா?"

"கொட்டினாங்க. சொட்டுச் சொட்டா, கணக்காக் கொட்டினாங்க. நான் கண்ணாலயே பாத்தேன்."

"அதை வந்து சொல்லுவீங்களா?"

பெல்ட் தலையைச் சொறிந்தார். "சொல்றேன்க்கா. ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்? பெல்ட் கேட்டவன் பொய்யும் சொல்லுவான்னு சொல்லிடுவாங்களே."

அது உண்மைதான். 

*

விசாரணை அறையில் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்றது. சமரச அதிகாரியம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் கோப்புமாக இருந்தார். ஒரு பக்கம் நம்பரக்கா, நாத்தனார், பொய்ப்பழி சுமந்த கணவர், பின்வரிசையில் பெல்ட். எதிரே சிரிப்பு மேனேஜர். அவருக்குப் பின்னால் மடியில் பச்சைப் பதிவேட்டோடு கார்பன்.

"மேடம், எங்க கம்பெனியில காகிதம் இல்லாம காத்துகூட வீசாது" என்று சிரிப்பு மேனேஜர் ஆரம்பித்தார். "இந்தம்மா வியாழக்கிழமை தானா வந்தாங்க. வீட்ல பிரச்சினைன்னு கண் கலங்கினாங்க. நாங்க போகாதீங்கன்னு கெஞ்சினோம்."

"எத்தனை மணி நேரம் கெஞ்சினீங்க?" என்றாள் நாத்தனார்.

"நீங்க யாரும்மா?"

"கூட வந்தவ."

அதிகாரி தும்மினார். "அவங்க சொல்றது, லெட்டர் செவ்வாய்க்கிழமையே தயாராயிடுச்சுன்னு. பதிவேடு?"

"இதோ மேடம். பழசுல தேநீர் கொட்டிட்டதால, உள்ளது உள்ளபடி படியெடுத்த பிரதி." கார்பன் எழுந்து, இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தார். பக்கம் அடையாளம் வைத்திருந்தது. 1147, வியாழன். பணியாளரிடமிருந்து பெற்ற விருப்ப ராஜினாமா, ஒரு பக்கம். கீழே 1148, வியாழன். 1149, வியாழன். 1162 வரைக்கும் வியாழனோ வியாழன். பாவம், அந்த வாரத்தில் செவ்வாயும் புதனும் வேலையை விட்டே போயிருந்தன.

"தேதி சரியாத்தான் இருக்கு" என்றார் அதிகாரி. நம்பரக்காவைப் பார்த்தார். "இது உங்க பதிவேடா?"

"எழுத்து என்னுது இல்லைங்க மேடம்."

"படியெடுத்ததுன்னு அவங்களே சொல்றாங்களே. உள்ள இருக்குறது தப்புன்னு காட்ட எதாவது வச்சிருக்கீங்களா?"

பெல்ட் பின்வரிசையில் எழுந்திருக்கப் போனார். சிரிப்பு மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். பெல்ட் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒரு தடவ பாக்கலாமா?" என்றாள் நம்பரக்கா.

புத்தகம் கைக்கு வந்தது. பசை வாசனை. கார்பனின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. 1147-ஐ ஒரு விரலால் தொட்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. புத்தகத்தை மூடப் போனாள். மூடுமுன், ஒன்பது வருஷமாக நாள் தவறாமல் செய்ததைக் கை தானாகச் செய்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடுத்த எண் என்ன என்று பார்த்தது.

கடைசி எண் 1271. கண் மெல்ல மேலே ஏறியது. பன்னிரண்டு வரி ஏறியதும் நின்றது.

அவள் நிமிர்ந்து கார்பனைப் பார்த்தாள். கார்பன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றாள். "இதுல 1259-ஐ நீங்களே படிச்சிடுங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். "1259. மனிதவளம். எண் 1147-இன் தேதியைச் செவ்வாயிலிருந்து வியாழன் என மாற்றிப் புதிய பதிவேடு எழுதவும், பழைய பதிவேட்டின் மீது தேநீர் கொட்டவும் முதலாளியின் அனுமதி கோரும் குறிப்பு. ஒரு பக்கம்."

மின்விசிறி 'டக்' என்றது.

"1260," அதிகாரி தொடர்ந்தார். "முதலாளி அலுவலகம். மேற்படிக்கு அனுமதி. தேநீர் அளவோடு கொட்டப்படவும்."

அறையில் முதலில் சிரித்தது பெல்ட். அப்புறம் கணவர். அதிகாரி கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அது தும்மலா வேறெதுவுமா என்று கடைசி வரை தெரியவில்லை.

சிரிப்பு மேனேஜரின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. கார்பன் பக்கம் திரும்பினார். "யோவ்! இதை ஏன்யா எழுதின?"

"ஒரு எண்கூட விடாம எழுதச் சொன்னீங்க சார்." கார்பனின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "1147-லயும் அதை ஒட்டின தேதியிலயும் மட்டும்தான் கை வைக்கணும், மத்தது உள்ளது உள்ளபடின்னு சொன்னீங்க. 1259-ஐ மாத்தச் சொல்லலியே சார்."

"அந்தக் குறிப்புக்கு நம்பர் எதுக்குய்யா போட்ட?"

"எண் இல்லாத காகிதம் குப்பை சார்."

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு அனுமதி கேட்டு எழுதணும்னு உங்களுக்கு எப்படி சார் தோணிச்சு?"

சிரிப்பு மேனேஜர் தலை குனிந்தார். முதன்முறையாக அவர் வாயிலிருந்து உண்மை வந்தது. "நாளைக்கு முதலாளி, 'யாரைக் கேட்டுச் செஞ்ச'ன்னு என்னை மாட்டி விட்டுட்டா மேடம்?"

*

அடுத்த திங்கட்கிழமை நம்பரக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஜினாமா செல்லாது என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. பெல்ட்டின் இடுப்பில் புத்தம் புது பெல்ட் இருந்தது. கழற்றச் சொன்னால் சாப்பாட்டு வேளையிலும் கழற்ற மறுக்கிறார் என்று கேள்வி.

கார்பன் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, தேநீர்க் கறையோடு பழைய பதிவேட்டை எடுத்து அவள் முன் வைத்தார்.

"இதை எரிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்!"

"எரிக்கச் சொன்னாருக்கா. எரிக்கிறதுக்கு ஒரு குறிப்பு எழுதி நம்பர் வாங்கணும்ல? அவரு எழுதிக் குடுக்கல."

நம்பரக்கா அவரை உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு கேக்குறேன், நெஜத்தச் சொல்லுங்க. 1259-ஐத் தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

கார்பன் கூரையைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைப் பார்த்தார். "ஆறு வருஷமா எதிர் மேசையில உக்காந்திருக்கேன்க்கா" என்றார். அவர் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. உடனே வெட்கப்பட்டுத் தன் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு இன்டர்காம் அடித்தது.

"நம்பர் ஒண்ணு வேணும்மா." சிரிப்பு மேனேஜர்தான். குரலில் ஈரப்பசையே இல்லை. "முதலாளி அலுவலகம். விருப்ப ராஜினாமாக் கடிதம். ஒரு பக்கம்."

நம்பரக்காவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. "யாரோடது சார்?"

 "ரகசியம்" என்றார்.

ஒரு கணம் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது. அப்புறம் அந்த அறை ஞாபகம் வந்தது. மேசையில் சறுக்கி வந்த காகிதம், கிடைக்காத தண்ணீர், கோட்டைத் தாண்டித் தொங்கிய எழுத்து.

"சார், கதவைச் சாத்திட்டாங்களா?"

"…ம்."

"போனை ட்ரேல வைக்கச் சொன்னாங்களா?"

"இன்டர்காமை மறந்துட்டாங்க."

"கையெழுத்துப் போடாதீங்க. மிரட்டி வாங்கினா அது ராஜினாமாவே இல்ல சார், உங்களுக்கும்தான். அப்படியே போட்டுட்டாலும் நேரத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. ஆறு மணிக்குள்ள தபாலாபீஸ் போயிடணும்."

ஆளை வீட்டுக்கு அனுப்பியே பழகிய அந்தக் குரல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இறங்கி வந்தது.

"காப்பி ஒண்ணு கேட்டு வாங்கணுமாம்மா?"

"ரெண்டா வாங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, நம்பரக்கா இன்றைய தேதியை நீல மையில் அழுத்தி எழுதினாள்.